அமானிதம் காத்த நூலகர்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் கம்பத்தில் ஒரு பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்திற்குப் போய்வரும் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு மஸ்அலா கேட்டார். ஹிட்லருடைய காலத்தில் யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று அவருடைய பேரன் சொன்னானாம். அது மெய்தானா? மெய்யென்றால், அதிகாரிகள் வந்து கேட்டபோது இங்கே யாரும் இல்லை என்று பொய் சொல்லித்தானே இருப்பார்கள், அந்தப் பொய்க்கு என்ன ஹுக்மு? இதுதான் அவருடைய கேள்வி. அருகில் இருந்த இன்னொருவர் ஃபலஸ்தீனத்தில் நடப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர்களைக் காப்பாற்றி நமக்கு என்ன கிடைத்தது என்று சற்றுக் காரமாகவே கேட்டுவிட்டார். அன்றைக்கு நேரமாகிவிட்டபடியால் சுருக்கமாக ஏதோ பதில் சொல்லி எழுந்துவிட்டேன். விரிவான பதிலை இங்கே ஒரு மனிதருடைய வரலாறாகவே எழுதலாம் என்று தோன்றிற்று.

நம் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு யூதர் என்றாலே செய்தித்தாளில் வரும் போர்தான் ஞாபகத்திற்கு வருகிறது. ஆனால் குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கிக் கொச்சிக்குப் போனால், மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர்களின் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அந்தத் தெருவில் மிளகும் ஏலமும் சுக்கும் விற்ற யூத வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். 1948க்குப் பிறகு அவர்களில் மிகப் பெரும்பாலோர் புறப்பட்டுப் போய்விட்டார்கள். அவர்களை நம் நாட்டில் யாரும் வேட்டையாடவில்லை. ஆகையால் யாரும் ஒளித்து வைக்க வேண்டிய நிலையும் வரவில்லை. அந்த நிலை ஐரோப்பாவில் வந்தது. அங்கே, கொச்சியைப் போலவே பல சமயத்தாரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த ஊர் ஒன்று உண்டு. அதுதான் போஸ்னியாவின் சராயேவோ.

ஸ்பெயின் நாட்டை ஆண்ட கிறிஸ்தவ மன்னர்கள் 1492இல் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியபோது, துருக்கி சுல்தானின் ஆட்சிப் பகுதிகள் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த நூற்றாண்டில் சராயேவோவில் குடியேறினார்கள். கடைவீதி, அதன் நடுவே பெரிய பள்ளிவாசல், சற்றுத் தள்ளி யூதர்களின் ஆலயம், அப்பால் கிறிஸ்தவர்களின் கோயில்கள் என்று நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர் அது.

அந்த போஸ்னியாவில் ட்ராவ்னிக் என்னும் ஊரில், ஆலிம்கள் தொடர்ந்து வந்த ஒரு குடும்பத்தில் 1888இல் பிறந்தார் தர்வேஷ் கொர்குத். அவருக்கு வைத்தியம் படிக்கவே ஆசை. தகப்பனாரோ மார்க்கக் கல்விதான் படிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். (இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மதரஸாவில் என்னோடு ஓதியவர்களில் பாதிப்பேருக்கு இதே கதைதான்.) தகப்பனார் சொல்லைத் தட்டாமல் இஸ்தான்புல் சென்று மார்க்கக் கல்வி கற்றார். பின்பு பாரிஸ் நகரின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசை மொழிகளைப் பயின்றார். பல மொழிகள் அவர் நாவில் சரளமாகப் புழங்கின. சராயேவோவில் உள்ள போஸ்னிய தேசிய அருங்காட்சியகத்தில் நூல்களுக்கும் சுவடிகளுக்கும் பொறுப்பாளராக அமர்ந்தார். அவர் பிறந்த அதே 1888ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம் அது. துருக்கியர் காலத்து போஸ்னியாவின் வரலாறும், அங்கே வாழ்ந்த சிறுபான்மை மக்களின் வாழ்வும் அவர் விரும்பி ஆராய்ந்த துறைகள்.

1940இல், ஐம்பது வயதைக் கடந்த பின், தம்மைவிட மிகவும் இளையவரான ஸெர்வெத் என்னும் அல்பேனிய முஸ்லிம் பெண்மணியை நிக்காஹ் செய்தார். அதே காலத்தில், யூதர்கள்மீது பகைமை மூட்டும் பிரசாரம் யூகோஸ்லாவியாவுக்குள்ளும் புகுந்து கொண்டிருந்தது. அந்தப் பகைமை போஸ்னிய முஸ்லிம்களுடைய வழக்கத்திற்கே அந்நியமானது என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார் கொர்குத். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பேனா பிடிப்பவராக அவர் இருந்ததில்லை.

1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை சராயேவோவுக்குள் நுழைந்தது. யூதர்களின் பெரிய ஆலயம் சூறையாடப்பட்டது. ஜெர்மானியர் நிழலில் குரோஷியாவின் உஸ்தாஷா என்னும் கொடிய கட்சியினர் ஆட்சியில் அமர்ந்தார்கள். போஸ்னியாவும் அவர்கள் கைக்குப் போயிற்று. யூதர்கள் கையில் மஞ்சள் அடையாளம் கட்ட வேண்டும், கடைகளை ஒப்படைக்க வேண்டும் என்று தொடங்கி, முடிவில் யாஸெனோவாட்ஸ் போன்ற கொலை முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். பத்தாயிரம் பேர் அளவுக்கு இருந்த சராயேவோ யூதர்களில் போர் முடிந்தபோது உயிரோடு எஞ்சியவர்கள் மிகச் சிலரே. செர்பியர்களும் ஜிப்சிகளும் அதே முகாம்களில் ஆயிரமாயிரமாக மாண்டார்கள்.

முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? இதில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். உஸ்தாஷாவோடு சேர்ந்து கொள்ளையில் பங்கு பெற்றவர்களும் நம்மவரில் உண்டு. 1943இல் ஜெர்மானியர் போஸ்னிய முஸ்லிம்களைக் கொண்டு ஒரு படைப்பிரிவையே அமைத்தபோது, ஜெரூசலம் முஃப்தி அமீன் அல்ஹுஸைனி சராயேவோவுக்கே வந்து அதற்கு ஆதரவு தேடினார். இதை மறைத்துவிட்டு நல்லவர்களை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1941 அக்டோபர் 12ஆம் தேதி, அதே சராயேவோவின் முஸ்லிம் பிரமுகர்கள் 108 பேர், அல்ஹிதாயா என்னும் உலமா சபையின் முன்முயற்சியில், இந்த அட்டூழியங்களைக் கண்டித்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பெயரும் கையொப்பமும் ஆட்சியாளருக்குத் தெரிய எழுதப்பட்ட அறிக்கை அது. நம் ஊரில் ஒரு கால்வாய்த் தகராறு மனுவில் கையெழுத்துப் போடவே எத்தனை பேர் தயங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

சாதாரண மக்களிலும் துணிந்தவர்கள் இருந்தார்கள். முஸ்தஃபா ஹர்தாகா என்பவரின் குடும்பம், குண்டு வீச்சில் வீடிழந்த யோஸெஃப் கபீலியோ என்னும் யூத நண்பரைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக் கொண்டது. கெஸ்டபோ என்னும் ரகசியப் போலீசின் அலுவலகம் அந்த வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. யூதரை ஒளித்தால் மரணதண்டனை என்ற அறிவிப்பும் தெருவில் ஒட்டப்பட்டிருந்தது. முஸ்தஃபாவின் மனைவி ஸைனபா, ஒரு யூதப் பெண்ணோடு தெருவில் நடந்து போகும்போது தம் முகத்திரைத் துணியால் அவளுடைய கையிலுள்ள மஞ்சள் அடையாளத்தை மறைத்துச் செல்லும் நிழற்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஸைனபாவின் தகப்பனார் அஹ்மது ஸாதிக் இன்னொரு யூதக் குடும்பத்தை ஒளித்த குற்றத்திற்காகப் பிடிபட்டு, யாஸெனோவாட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

கொர்குத் அவர்களின் வரலாற்றுக்குத் திரும்புவோம்.

அவருடைய பொறுப்பில் இருந்த சுவடிகளில் ஒன்று யூதர்களின் ஹகாதா என்னும் நூல். ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் பனூ இஸ்ராயீல்களை மீட்டு வந்த வரலாற்றை யூதர்கள் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட இரவில் வீட்டில் குடும்பத்தோடு அமர்ந்து வாசிப்பார்கள். அதற்கான நூல் அது. சராயேவோவில் இருந்த பிரதி பதினான்காம் நூற்றாண்டு ஸ்பெயினில் பதப்படுத்திய தோலில் எழுதி, தங்கப் பூச்சோடும் வண்ணங்களோடும் சித்திரம் தீட்டப்பட்டது. துரத்தப்பட்ட யூதர்கள் தோளில் சுமந்து வந்த அந்த நூலை 1894இல் ஓர் ஏழை யூதக் குடும்பத்திடமிருந்து அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியிருந்தது.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் யோஹான் ஃபோர்ட்னர் என்னும் ஜெர்மானியத் தளபதி அருங்காட்சியகத்திற்கு வந்தார். அவர் வருகிற செய்தி சற்று முன்னதாகவே உள்ளே எட்டிவிட்டது. எதற்காக வருகிறார் என்பதும் கொர்குத்துக்கு விளங்கிவிட்டது. அருங்காட்சியகத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஜெர்மன் மொழி அறியாதவர். கொர்குத் அவரிடம் அனுமதி பெற்று, பெட்டகத்திலிருந்து நூலை எடுத்துத் தம் இடுப்புப் பட்டைக்குள் செருகி, மேலே கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு தளபதியின் முன் சென்று மொழிபெயர்ப்பாளராக நின்றார். தளபதி நூலைக் கேட்டார். உங்கள் அதிகாரி ஒருவர் முன்னமேயே வந்து அதை வாங்கிக் கொண்டு போய்விட்டாரே என்ற பதில் வந்தது. யார் அவர், பெயர் என்ன என்று தளபதி சீறினார். ஓர் அதிகாரியிடம் பெயர் கேட்பது முறையாகாது என்று கேட்கவில்லை என்பதாக மறுமொழி சொல்லப்பட்டது. தளபதி தேடும் நூலோ அவருக்கும் கொர்குத்துக்கும் இடையே இருந்த ஒரு முழ தூரத்தில், கோட்டுத் துணிக்குள் இருந்தது.

அன்றைக்கே அந்த நூல் ஊரைவிட்டு வெளியேறிற்று. சராயேவோவை ஒட்டிய மலையில் ஒரு சிற்றூர்; அங்கே ஒரு சிறு பள்ளிவாசல்; அதன் இமாம் கொர்குத்தின் நண்பர். போர் முடியும்வரை அந்த நூல் பள்ளிவாசலில் குர்ஆன் பிரதிகளுக்கும் மார்க்கக் கிதாபுகளுக்கும் நடுவே இருந்தது என்பது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. ஊரில் வேறு விதமாகவும் கதைகள் உண்டு. எப்படியானாலும் போருக்குப் பின் நூல் ஒரு தாளும் குறையாமல் அருங்காட்சியகத்திற்குத் திரும்பி வந்தது. மூஸா நபியின் வரலாறு பள்ளிவாசலுக்குப் புதியதா என்ன! அந்த இமாம் ஓதிய குர்ஆனில் அதிக இடங்களில் பெயர் சொல்லப்பட்ட நபி அவர்களே அல்லவா?

இனி மீரா பாப்போ என்னும் யூதப் பெண்ணின் விஷயம். அவளுடைய தகப்பனார் சராயேவோவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். குடும்பத்தாரை இழந்த பின் அவள் காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினரோடு சேர்ந்திருந்தாள். கடும் பனிக்காலத்தில் படைத்தலைமை யூத இளைஞர்களை ஊருக்கே திரும்பிப் போகச் சொல்லிக் கைவிட்டுவிட்டது. திரும்பியவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். மீரா பசியும் குளிருமாக ஊருக்குள் வந்து, தகப்பனார் வேலை பார்த்த கட்டிடத்தின் வாசலில் நின்றாள். அவருடன் பணிபுரிந்த ஒருவர் அவளை அடையாளம் கண்டு, உள்ளே மறைத்து வைத்துவிட்டு, கொர்குத்துக்குச் சொல்லி அனுப்பினார். கட்டிடத்திற்குள் எத்தனையோ பேர் நடமாடும் இடத்தில், சிறு சம்பளக்காரரான அந்த மனிதர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக் கொண்டிருந்தால் இந்த வரலாறே இல்லை.

1942 ஏப்ரலில் ஒரு மாலை கொர்குத் அந்தப் பெண்ணைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். அப்போது ஸெர்வெத்தின் கையில் முனீப் என்னும் பச்சைக் குழந்தை. தானே இளம் பெண்ணாக இருந்த ஸெர்வெத், ஏன் எதற்கு என்று கணவரிடம் வாதாடவில்லை. தம் உடையைக் கொடுத்து, முக்காடும் திரையும் அணிவித்து, அமீரா என்று பெயரிட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய்வீட்டார் அனுப்பிய அல்பேனியப் பணிப்பெண், இந்த ஊர்ப் பேச்சுத் தெரியாது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லப்பட்டது. விருந்தாளிகள் வந்தால் ஓரிரு வார்த்தைகூடப் பேச வேண்டாமல் போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஏறக்குறைய நான்கு மாதங்கள், ஆகஸ்டு வரையில், அவள் அந்த வீட்டில் இருந்தாள். பின்பு யூதர்களுக்கு ஆபத்து ஓரளவு குறைவாக இருந்த இத்தாலியர் ஆதிக்கப் பகுதிக்கு, அவளுடைய உறவினரிடம் பத்திரமாகச் சேர்ப்பிக்கப்பட்டாள். அடைக்கலம் தேடி வந்தவரை அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சூரா அத்தவ்பாவில் வந்துள்ள கட்டளையை ஓதியவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதியின் அருமை புரியும். வீட்டில் வைத்திருந்ததோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை.

இப்போது பெரியவரின் மஸ்அலாவுக்கு வருகிறேன். பொய் பெரும் பாவம்; அதில் சந்தேகமில்லை. ஆனால் அக்கிரமக்காரனுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவரைப் பற்றி அந்த அக்கிரமக்காரனே கேட்டால், மறைத்துச் சொல்வது ஆகுமானது என்ற அளவில் நில்லாமல் வாஜிபாகவே ஆகிவிடுகிறது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியிருக்கிறார்கள். அடுத்து அவர்கள் சொல்லும் உதாரணம் இன்னும் கவனிக்கத்தக்கது: ஒருவரிடம் அமானிதப் பொருள் இருந்து, அதை அநியாயமாகப் பறிக்க வருபவன் கேட்டாலும் அவ்வாறே. இயன்றால் இரு பொருள்படும் சொல்லால் சமாளிப்பது பேணுதல் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே முஸ்லிமை வைத்து உதாரணம் சொல்லப்பட்டாலும், நம் பாதுகாப்பில் வாழும் முஸ்லிமல்லாதாரின் உயிரும் பொருளும் தீண்டத்தகாதவை என்பது ஃபிக்ஹு கிதாபுகளில் தெளிவான விஷயம். ஒளிந்திருப்பவர் ஒன்று, அமானிதம் ஒன்று. இந்த இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையில் வந்து சேர்ந்தன. இஸ்தான்புல்லில் மார்க்கம் ஓதிய ஒருவருக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருந்திருக்காது.

போர் முடிந்தது. யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். புதிய ஆட்சியின் போக்குகளிலும் தமக்குச் சரியென்று படாதவற்றைச் சரியில்லை என்று சொல்லும் பழக்கத்தை கொர்குத் விடவில்லை. விளைவு, பாசிஸ்டுகளுக்குத் துணைபோனவர் என்ற குற்றச்சாட்டு அவர்மீதே வந்தது. ஜெர்மானியரிடமிருந்து நூலையும் பெண்ணையும் காத்தவருக்கு, ஜெர்மானியரின் கூட்டாளி என்று பட்டம்!

ஸெர்வெத் ஓடி அலைந்தார். மீரா உயிரோடு இருப்பதும், புதிய ராணுவத்தின் அதிகாரி ஒருவரை மணந்திருப்பதும் தெரிய வந்தது. அவளைத் தேடிப் போய், விசாரணையில் வந்து உண்மையைச் சொல்லும்படி கேட்டுக் கொண்டார். மீரா சம்மதித்தாள். ஆனால் அவளுடைய கணவர் தடுத்துவிட்டார். ஆட்சியாளர் குற்றவாளி என்று முடிவு கட்டிய ஒருவருக்காகச் சாட்சி சொல்வது தங்கள் குடும்பத்தையே அழித்துவிடும் என்று அவர் அஞ்சினார். மீரா போகவில்லை. கொர்குத்துக்கு எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதில் ஆறு ஆண்டுகள் அனுபவித்தார். அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது என்றே மீரா நினைத்து, அந்த எண்ணத்தோடு பல்லாண்டுகள் வாழ்ந்தாள்.

மீராவைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. இமாமத்துக்கு வந்த புதிதில், ஒரு விதவைப் பெண்மணி அடைக்கலமாகக் கொடுத்து வைத்த நகை சம்பந்தமாக ஒரு ஜமாஅத்தில் விசாரணை நடந்தது. நகை கைமாறியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். வாங்கி வைத்தவர் ஊரில் பெரிய கை. என்னை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். பாதி நகைக்குச் சமரசம் ஆயிற்று. ஸூரத்துல் பகராவில் சாட்சியத்தை மறைப்பதைப் பற்றி வரும் இடத்தை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்மணியின் முகம் எனக்குத் தெரிகிறது. எனக்கு முன்னால் துப்பாக்கியோ சிறையோ இருக்கவில்லை.

சிறையிலிருந்து வெளிவந்த கொர்குத் மறுபடியும் நூல்களோடும் பழம்பொருள்களோடுமே தம் நாட்களைக் கழித்தார். அதன் பிறகு அவருக்கு ஒரு மகளும் பிறந்தாள். தாம் செய்தவற்றைப் பெரிதாக வெளியில் பேசிக் கொண்டதில்லை. 1969இல் எண்பத்தொரு வயதில் சராயேவோவில் மவுத்தானார். அப்போதும் அரசாங்கப் பதிவில் அவர் தண்டிக்கப்பட்ட ஒரு குற்றவாளியே.

மீரா 1972இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தாள். போஸ்னியாவில் மீண்டும் போர் மூண்டு, இம்முறை சராயேவோவின் முஸ்லிம்கள் முற்றுகையில் சிக்கிக் குண்டுகளுக்கு இரையாகிக் கொண்டிருந்த காலம். 1992இல் ஊரின் பெரிய நூலகம் கொளுத்தப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் என்வர் இமாமோவிச் என்னும் முஸ்லிம் பேராசிரியர் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அருங்காட்சியகத்தில் புகுந்து அதே ஹகாதா நூலை எடுத்து வந்து வங்கிப் பெட்டகத்தில் சேர்த்தார். அந்தப் போரின் நடுவே, 1994இல், கொர்குத் கொல்லப்படவில்லை, சிறை மீண்டு வாழ்ந்து மறைந்தார் என்ற செய்தி மீராவுக்குத் தெரிய வந்தது. முதிய வயதில் பேனாவை எடுத்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லத் தவறிய சாட்சியத்தை மூன்று பக்கங்களில் எழுதி, ஜெரூசலத்திலுள்ள யத் வஷெம் என்னும் நினைவு நிலையத்திற்கு அனுப்பினாள். தர்வேஷ், ஸெர்வெத் இருவரையும் யூதர்களைக் காத்த நேர்மையாளர்கள் என்று அந்த நிலையம் 1994 டிசம்பரில் அங்கீகரித்து, சான்றிதழ் அளித்தது. நான்கு ஆண்டுகளில் மீராவும் இறந்து போனாள்.

திண்ணையில் காரமாகப் பேசிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதிக்காக நெஞ்சு கொதிப்பது ஈமானின் இயல்பு, எனக்கும் கொதிக்கிறது. ஆனால் 1942இல் அந்த அலுவலக வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற பெண் யாருடைய நிலத்தையும் பறித்தவள் அல்லள். கொர்குத்தின் எதிரில் நின்றது ஒரு நாடு அல்ல, ஒரு மனித உயிர். இனி என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அவர் கேட்ட பொருளில் என்னிடம் பதில் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொர்குத்தின் மகள் வாழ்க்கைப்பட்டுப் போன இடம் கொசோவோவின் பிரிஷ்டினா நகரம். 1999இல் செர்பியப் படையினர் அங்கிருந்த அல்பேனிய முஸ்லிம்களை வீடு வீடாகத் துரத்தி ரயிலேற்றினார்கள். அவரும் கணவரும் உடுத்திய துணியோடு மாசிடோனியா எல்லையில் அகதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தனர். தாய் தந்தையருக்கு வந்த அந்தச் சான்றிதழின் நகல் ஒன்று மட்டும் அவர் கையில் இருந்தது. மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் உள்ள சிறு யூத சமூகத்தாரைத் தேடிப் போய் அந்தக் காகிதத்தைக் காட்டினார். சில நாட்களில் கணவன் மனைவி இருவரும் விமானத்தில் ஏற்றப்பட்டு, டெல் அவீவில் இறங்கினார்கள். மொழி தெரியாத அந்த ஊரில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் அவரை நோக்கி வந்து, சராயேவோவில் பேசும் அதே மொழியில் வரவேற்றார். அவர் மீரா பாப்போவின் மகன்.